கத்திரியில் பெய்யும் மழை

மே 6, விடியற்காலை மூன்றரை மணி. சேலையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தோம். முந்தின நாள் மாலை நான்கு குடம் தண்ணீர் ஊற்றியும் தளத்தின் சூடு தணியவில்லை. கோரைப்பாயை மீறி முதுகில் உறைத்தது. கத்திரி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த அண்ணன் மகள் பக்கத்தில் படுத்து, வைத்த கண் வாங்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தப்பா, ஒரு மணி நேரமாச்சு. ரெண்டுதான் வந்திருக்கு."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது.

தெருவிளக்கு, எதிர் அடுக்ககத்தின் மாடிப்படி விளக்குகள், தெருமுனை மருந்துக்கடையின் பெயர்ப்பலகை எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. ஏசிகளின் உறுமல் நின்றது. எங்கோ ஒரு நாய் குரைப்பது தெளிவாகக் கேட்டது. அதுவரை விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த நட்சத்திரங்கள் எண்ணிக்கையை மீறிப் பெருகின. கிழக்கே வீடுகளுக்கு மேலிருந்து ஒரு மஞ்சள் கோடு கிளம்பியது. திருவோணத்தை உரசி, உச்சியைக் கடந்து, ரயில் நிலையத்துப் பக்கம் போய் மறைந்தது.

"சித்தப்பா, அது போயிடுச்சு. ஆனா கோடு அப்படியே நிக்குது பாருங்க!"

நின்றது. ஊதுவத்திப் புகைபோல மெலிதாக மூன்று நொடி நின்று கரைந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு ஜெனரேட்டர் உயிர்பெற, வானம் பழையபடி சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். ஹாலி வால்நட்சத்திரத்தின் ஒரு துணுக்கு தாம்பரத்துக்கு மேலே எரிந்து முடிந்ததை.

எது நம்முடைய கோடை?

கோடைக்கால விண்கல் பொழிவு என்றாலே பெரும்பாலான வானியல் நூல்கள் பெர்சீட்ஸ் பொழிவைத்தான் சொல்லும். ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் அது உச்சம் பெறும். ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம் உதிர்த்துவிட்டுப் போன தூசி அது. அந்த வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 133 ஆண்டுகள் ஆகும். கடைசியாக 1992-ல் வந்துபோனது. விண்கல் பொழிவுக்கும் வால்நட்சத்திரத்துக்கும் உறவு உண்டு என்பதை இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி 1866-ல் நிறுவியதும் இந்தப் பொழிவை வைத்துத்தான். ஐரோப்பாவில் ஆகஸ்ட் என்றால் பள்ளி விடுமுறை, இதமான இரவுகள், மேகம் குறைந்த வானம். அங்கே எழுதப்பட்ட நூல்கள் அதைக் கொண்டாடுவதில் வியப்பில்லை.

நமக்கு ஆகஸ்ட் என்பது ஆடியின் கடைசியும் ஆவணியின் தொடக்கமும். தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் வானத்தை மூடியிருக்கும். மாலையில் இடியோடு மழை கொட்டிவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகும் திரை விலகாது. நல்ல பொழிவுதான். ஆனால் தாம்பரத்து மாடியிலிருந்து அதைப் பார்க்க அதிர்ஷ்டமும் வேண்டும்.

நம்முடைய கோடை சித்திரையும் வைகாசியும். அந்தக் கோடைக்கென்றே ஒரு பொழிவு இருக்கிறது. ஈட்டா அக்வாரிட்ஸ் என்பது அதன் பெயர். ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி மே மாதக் கடைசிவரை நீளும். மே 5, 6 தேதிகளை ஒட்டி உச்சம் பெறும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கும் என்பதை நாள்காட்டியில் பார்த்திருப்பீர்கள். பகலில் கத்திரி வெயில் கொளுத்தும் அதே நாட்களில், விடியலுக்கு முன் நம் தலைக்கு மேலே இந்த மழை பெய்கிறது.

இதைப் பார்ப்பதில் லண்டன்காரரைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள். இந்த விண்கற்கள் கிளம்பிவருவதுபோல் தோன்றும் இடம் கும்ப ராசியில், வான நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. மே மாதத்தில் லண்டனில் அந்த இடம் தொடுவானத்துக்கு மேலே எழும் நேரத்திலேயே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். தாம்பரம் 13 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. இங்கே அது இரவு ஒன்றே முக்கால் மணிக்கே எழுந்துவிடும். நாலரை மணிவரை வானம் இருட்டாகவே இருக்கும். சூரியன் இங்கே தொடுவானத்தை ஏறக்குறைய நெட்டுக்குத்தாகக் கடப்பதால் நம் வைகறை குறுகியது. இருட்டிலேயே இரண்டே முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. அதற்குள் அந்த இடம் 40 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும்.

பீச்சிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு நொடி

ஹாலி வால்நட்சத்திரம் 75, 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். கடைசியாக 1986 பிப்ரவரியில் சூரியனை நெருங்கியது. அடுத்து 2061 ஜூலையில் நெருங்கும். ஒவ்வொரு முறையும் வெயில் பட்டு அதன் பனி ஆவியாகும்போது, பனியில் சிக்கியிருந்த தூசியும் மணலும் உதிர்கின்றன. அவை வால்நட்சத்திரத்தின் பாதையிலேயே சிதறிப் பரவி, காலப்போக்கில் ஒரு பெரிய தூசி ஆறாக ஓடுகின்றன. பூமி அந்த ஆற்றை ஆண்டுக்கு இருமுறை உரசிச் செல்கிறது: மே மாதத்தில் ஒருமுறை, அக்டோபர் 21 வாக்கில் ஒருமுறை. அக்டோபரில் வருவது ஓரியானிட்ஸ். அது வரும் நேரத்தில்தான் நமக்கு ஐப்பசி அடைமழையும் தொடங்கும். ஆகவே ஹாலியின் தூசியைத் தென்சென்னைப் புறநகரிலிருந்து பார்க்க நமக்கு வாய்த்தது கத்திரிதான்.

இந்தத் துகள்களில் பெரும்பாலானவை மணல் பருமன்தான். வேகம்தான் அசாத்தியம். ஹாலி சூரியனைச் சுற்றுவது பூமி சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிரே துகள்கள் அதைவிட வேகமாக வருகின்றன. இரண்டும் மோதும் வேகம் நொடிக்கு 66 கிலோமீட்டர். சென்னை பீச்சிலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மின்சார ரயிலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் அந்தத் தூரத்தை இந்தத் துகள் ஒரு நொடிக்குள் கடந்துவிடும்.

தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மிக மெலிது. ஆனாலும் இந்த வேகத்தில் வருவதற்கு அதுவே சுவர். காற்று மூலக்கூறுகள் மோதி, துகளின் மேற்பரப்பு ஆயிரக்கணக்கான டிகிரிக்குச் சூடேறி, துகள் ஆவியாகிறது. ஆவியான அணுக்களும் சுற்றியுள்ள காற்று அணுக்களும் மோதலில் ஆற்றல் பெற்று, அதை ஒளியாக வெளிவிடுகின்றன. நாம் பார்க்கும் கோடு அந்த ஒளிதான். துகள் தீர்ந்தபிறகும் அதன் வழித்தடத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று சில நொடிகள் ஒளிர்வதுண்டு. வேகமாக வரும் ஈட்டா அக்வாரிட்ஸ் இதற்குப் பேர்போனது. என் அண்ணன் மகள் பார்த்த "நிக்கிற கோடு" அதுதான்.

அந்தக் கோடு நம் தெருவுக்கு நேர்மேலே இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் வடக்கே பாதி உயரத்தில் ஒரு விண்கல்லைப் பார்த்தீர்கள் என்றால், அது ஏறத்தாழ ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மேலே எரிந்திருக்கிறது என்று பொருள்.

ஏன் விடியற்காலையில் விழித்திருக்க வேண்டும்? மழையில் டூவீலர் ஓட்டியவர்களுக்கு விடை தெரியும். ஜிஎஸ்டி சாலையில் தூறலில் பத்து நிமிடம் ஓட்டினால் சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருக்கும். முதுகு ஏறக்குறைய உலர்ந்திருக்கும். பூமிக்கும் ஒரு முன்பக்கம் உண்டு. சூரியனைச் சுற்றி ஓடும் பூமியின் எந்தப் பக்கம் முன்னோக்கி இருக்கிறதோ, அங்கே அப்போது விடியற்காலை. நள்ளிரவு தாண்டியதும் நாம் மெல்ல மெல்லப் பூமியின் மார்புப் பக்கத்துக்கு வந்து சேர்கிறோம்.

சதயத்தின் திசை

தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் நின்று பெருங்களத்தூர் பக்கம் பாருங்கள். இணையாக ஓடும் தண்டவாளங்கள் எல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்வதுபோல் தெரியும். ஒரே திசையிலிருந்து இணையாக வரும் விண்கற்களும் அப்படித்தான். அவற்றின் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் வானத்தின் ஓர் இடத்தில் கூடும். அதைப் பொழிவின் ஊற்றுக்கண் என்று சொல்லலாம். எந்த நட்சத்திர மண்டலத்தில் அல்லது எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் அது இருக்கிறதோ அந்தப் பெயரே பொழிவுக்கும் வரும்.

ஈட்டா அக்வாரி என்று தேடினால் நம்மில் பலருக்குத் தட்டுப்படாது. நம் வழியில் தேடினால் சுலபம். நான்கு மணிக்குக் கிழக்கே பாருங்கள். நான்கு நட்சத்திரங்கள் ஒரு பெரிய சதுரமாக எழுந்திருக்கும். அவற்றில் இரண்டு பூரட்டாதி, இரண்டு உத்திரட்டாதி. கட்டில்கால்கள் என்று நம்மவர்கள் உவமை சொன்ன நட்சத்திரங்கள் இவை. அந்தச் சதுரத்திலிருந்து தென்மேற்கே, அதாவது வலப்புறம் மேலாக நகர்ந்தால் மங்கலான கும்ப ராசி. அதில்தான் சதயம் இருக்கிறது, ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திரம். தஞ்சையில் ஐப்பசி தோறும் சதய விழா எடுப்பது அதன் பெயரால்தான். சதயத்துக்கு மிக அருகில் நம் பொழிவின் ஊற்றுக்கண் இருக்கிறது.

கண்டுபிடித்த பிறகு அங்கேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊற்றுக்கண்ணுக்கு அருகில் தோன்றும் விண்கற்கள் நம்மை நோக்கி வருவதால் கோடு குட்டையாக இருக்கும். நீண்ட கோடுகள் அங்கிருந்து தள்ளித்தான் விழும். உச்சியை ஒட்டி, வானத்தின் இருட்டான பகுதியைப் பாருங்கள். கோடு எங்கே விழுந்தாலும் அதைப் பின்னோக்கி நீட்டுங்கள். சதயத்தில் போய் முட்டினால் அது ஹாலியின் பிள்ளை. முட்டாவிட்டால் தனியே அலையும் வேறு ஏதோ ஒரு துகள்.

நுங்கம்பாக்கத்துக்கு ஒரு தந்தி

நம் அட்சரேகையின் அருமையை ஐரோப்பா ஒருமுறை தந்தி அடித்து ஒப்புக்கொண்டது.

பியேலா என்றொரு வால்நட்சத்திரம் இருந்தது. ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 1846-ல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாக உடைந்தது. 1852-ல் இரண்டு துண்டுகளும் வந்தன. அதன்பிறகு காணவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, பூமி அதன் பாதையைக் கடந்தபோது ஐரோப்பாவின் வானத்தில் மணிக்கு ஆயிரக்கணக்கில் விண்கற்கள் பொழிந்தன. செத்த வால்நட்சத்திரத்தின் சாம்பல் கொட்டியதுபோல் இருந்தது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் இருந்த வானியலாளர் கிளிங்கர்ஃப்யூஸ் அதைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார். தூசி ஒரு திசையிலிருந்து வந்தால், பூமியை உரசிச் சென்ற வால்நட்சத்திரம் வானத்தின் நேர் எதிர்த்திசையில் தெரிய வேண்டும். அந்த எதிர்த்திசை தென்வானத்தில், சென்டாரஸ் மண்டலத்தில் இருந்தது. கோட்டிங்கனில் அந்த இடம் தொடுவானத்தை விட்டு மேலே ஏறுவதே அரிது. சென்னையில் அது 40 டிகிரிக்கு எழும். அவர் சென்னை வானாய்வகத்துக்குத் தந்தி கொடுத்தார்: பியேலா பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடுங்கள் என்பது அதன் சாரம்.

தந்தியைப் பெற்றவர் நார்மன் போக்சன். 1861 முதல் 1891-ல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த அந்த வானாய்வகத்தின் தலைவர். வந்த ஆண்டிலேயே இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, ஆசியாவில் கண்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தவர். தந்தி வந்தபோது வடகிழக்குப் பருவமழைக் காலம்; வானம் மூடிக்கிடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மேகம் விலகிய அடுத்தடுத்த இரண்டு விடியல்களில், சொன்ன திசையிலேயே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். பிறகு மறுபடி மேகம். அதை மீண்டும் யாரும் பார்க்கவில்லை.

பின்னாளில் கணக்கிட்டவர்கள், போக்சன் கண்டது பியேலாவாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். தவறான குறிப்பு ஒன்றைப் பின்தொடர்ந்து உண்மையான வேறொரு வால்நட்சத்திரம் சென்னையின் கண்ணில் பட்டது. 1792-ல் எழுந்த அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தந்தி நினைவுக்கு வரும். தெற்கே பார்க்க வேண்டுமானால் சென்னையைக் கேள் என்று உலகம் சொன்ன காலம் அது.

போக்சனின் அளவுகோலும் நம் தெருவிளக்கும்

சென்னைக்கு வருவதற்கு முன்பே, 1856-ல், போக்சன் செய்த இன்னொரு காரியத்தை உலகம் முழுவதும் இன்றும் பயன்படுத்துகிறது. நட்சத்திரங்களைப் பிரகாசத்தின்படி ஆறு தரமாகப் பிரிப்பது கிரேக்கர் காலத்து வழக்கம். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் உள்ள வேறுபாடு சரியாக நூறு மடங்கு என்று போக்சன் வரையறுத்தார். அப்படியானால் ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நம் மாடியில் எத்தனையாம் தர நட்சத்திரம்வரை தெரிகிறது என்பதுதான் எத்தனை விண்கல் தெரியும் என்பதையும் முடிவுசெய்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஈட்டா அக்வாரிட்ஸ் பொழிவுக்கு மணிக்கு 50 என்று சொல்வார்கள். ஊற்றுக்கண் நேர் உச்சியில் இருந்து, ஆறரைத் தர நட்சத்திரம்வரை தெரியும் கும்மிருட்டில் கிடைக்கும் எண்ணிக்கை அது. நமக்கு நாலரை மணிக்கு ஊற்றுக்கண் 40 டிகிரியில் இருப்பதால் 50 என்பது 32 ஆகும். ஒவ்வொரு தரத்தை இழக்கும்போதும் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். நான்காம் தரம்வரை மட்டுமே தெரியும் புறநகர் மாடியில் இரண்டரைத் தரம் இழப்பு. 32-ல் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். மணிக்கு மூன்று அல்லது நான்கு. ஆறாம் தரம்வரை தெரியும் இடத்துக்குப் போனால் அதே நேரத்தில் இருபது.

மாடியில் நமக்குக் குறைந்த அந்தப் பதினாறு விண்கற்களும் விழாமல் போகவில்லை. விழுந்தன, நம் விளக்கு மறைத்தது. மேல்நோக்கி ஒளியைச் சிந்தும் விளக்கு யாருக்கும் வழிகாட்டுவதில்லை. அதற்கு ஒரு மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் தெருவுக்கும் வெளிச்சம் கூடும், வானமும் மீளும். நம் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் அலையின் வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சாலை விளக்கை நோக்கித் திரும்பி மடிவதும் இதே ஒளியால்தான்.

தாம்பரத்துக்காரருக்கு இன்னொரு சிக்கல்: ஊற்றுக்கண் எழும் கிழக்கில்தான் மேடவாக்கமும் ஓஎம்ஆரும் இரவெல்லாம் ஒளிர்கின்றன. தீர்வும் கிழக்கிலேயே இருக்கிறது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே போனால், கிழக்கே வங்காள விரிகுடா. சில மீன்பிடிப் படகுகளைத் தவிர விளக்கே கிடையாது. ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, நாலைந்து பேராகப் போங்கள். செல்போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒருமுறை திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். பாயும், தண்ணீரும், சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சும், ஒரு நோட்டும் போதும்.

கூடலூர் கிழாரின் குறிப்பு

நோட்டில் என்ன எழுதுவது? அதற்கு நம்மிடம் மிகப் பழைய முன்மாதிரி இருக்கிறது. புறநானூற்றின் 229-ம் பாடலைப் பாடியவர் கூடலூர் கிழார். சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு நெருங்கியவர். ஒரு பங்குனி மாத நள்ளிரவில் எரிமீன் ஒன்று விழுவதைப் பார்த்து, மன்னனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் இறந்தான். பாடல் அந்தத் துயரத்தைப் பாடுகிறது.

எரிமீனுக்கும் மன்னனின் மரணத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் புலவர் பார்த்த விதத்தைப் பாருங்கள். மாதம் சொல்கிறார், நள்ளிரவு என்று நேரம் சொல்கிறார். எந்த நட்சத்திரம் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மேற்கில் இறங்கியது என்று மூன்று நட்சத்திரங்களால் வானத்தின் நிலையைக் குறிக்கிறார். உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று உரைகாரர்கள் அவற்றை அடையாளம் காட்டுகிறார்கள். எரிமீன் கிழக்கிலும் போகவில்லை, வடக்கிலும் போகவில்லை என்று திசையைப் பதிவுசெய்கிறார். இன்று உலகெங்கும் விண்கல் எண்ணுகிறவர்கள் எழுதும் குறிப்பில் நாள், நேரம், வானத்தின் நிலை, விண்கல் போன திசை ஆகியவைதான் இருக்கும். அச்சத்திலும் பார்வை பிசகாத ஒருவர் சங்க காலத்திலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்.

ஹாலி அந்தக் காலத்திலும் வந்துபோயிருக்கிறது, கி.மு. 12, கி.பி. 66, 141, 218 என்று ஆண்டுகள் தெரியும். அப்போது உதிர்ந்த தூசியும் இன்று நாம் கடக்கும் ஆற்றில் கலந்திருக்கலாம்.

நிலா இருந்தால் விண்கல் பார்ப்பது வீண். ஆகவே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2027 மே 6, அமாவாசை. பொழிவு உச்சம் பெறும் நாளும் நிலவற்ற இரவும் ஒன்றாக வருகின்றன.

எங்கள் வீட்டு நோட்டில் அந்த மின்வெட்டு இரவின் குறிப்பு அவள் கையெழுத்தில் இருக்கிறது. "மே 6, காலை 3.40. சேலையூர். திருவோணம் உச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே. மூலம் தெற்கிலிருந்து சாய்ந்துவிட்டது. மஞ்சள் நிறம், கிழக்கிலிருந்து மேற்கே. கோடு 3 நொடி நின்றது. பின்னோக்கி நீட்டினால் சதயம்." பாடப்புத்தகத்தில் இன்னும் கூடலூர் கிழாரை அவள் படிக்கவில்லை. 2061-ல் ஹாலி திரும்பி வரும்போது, அந்த நோட்டு அவளிடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.